மூளை 25 வயதில்தான் முழுமை அடைகிறதாமே, அந்த 25 எங்கிருந்து வந்தது?

ஜனவரி 11, 2026 (வாசகர் கேள்வி)

"25 வயது வரை மூளை முழுதாக வளர்வதில்லை, அதனால் அதற்கு முன் செய்யும் தவறுகளுக்குப் பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். 25 என்று அளந்தது யார்? 24 வயது 11 மாதத்தில் என்ன குறைவாக இருக்கும்? பிறந்தநாள் அன்று காலையில் என்ன கூடிவிடும்? இது சும்மா கிளப்பிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது."

ஜனவரி 11, இரவு 10.50

நான் நரம்பியல் படித்தவள் இல்லை. கணக்கு எழுதுவது என் வேலை. வீட்டில் 17 வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

இந்த 25ஐ வாரம் ஒரு முறையாவது கேட்டுவிடுகிறேன். அறையை ஏன் இப்படிப் போட்டு வைத்திருக்கிறாய் என்றால், "என் முன்மூளை இன்னும் ரெடி ஆகலைம்மா, எட்டு வருஷம் பொறுத்துக்கோ" என்று பதில் வருகிறது. கோபம் தாங்காமல் ஒரு மாதமாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர் சொன்னது சரி. 25 சுத்தப் புளுகு.

ஜனவரி 12

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். "சுத்தப் புளுகு" கொஞ்சம் அதிகம். எண்தான் புளுகு, அதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் புளுகு இல்லை.

அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் பிள்ளைகளை எம்ஆர்ஐ கருவியில் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே பிள்ளைகளில் பலரை மறுபடி அழைத்து மறுபடி எடுத்தார்கள். 145 பேரின் படங்களை வைத்து 1999இல் ஒரு கட்டுரை வந்தது. முன்மூளையின் சாம்பல்நிறப் பகுதி (நரம்பணுக்களின் உடல்கள் நெருக்கமாக இருக்கும் இடம்) பெண் பிள்ளைகளுக்கு 11 வயது வாக்கிலும் பையன்களுக்கு 12 வாக்கிலும் உச்சத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு மெலியத் தொடங்குகிறது என்றார்கள். 2004இல் அதே குழு, 4 வயது முதல் 21 வயது வரையிலான 13 பேரை வைத்து இன்னொன்று வெளியிட்டது. பார்ப்பது, தொடுவது, கைகாலை அசைப்பது போன்ற வேலைகளுக்கான பகுதிகள் முதலில் முதிர்கின்றன, திட்டமிடுவதற்கும் தன்னை அடக்குவதற்குமான முன்பகுதி கடைசியில்தான் முதிர்கிறது என்பது அதில் தெரிந்தது.

இப்போது ஒரு கணக்குக்காரியாக யோசியுங்கள். கடைசிப் படம் 21 வயதில் எடுத்தது. சாம்பல்நிறம் மெலிவதைக் காட்டும் கோடு அங்கேயும் மட்டமாகவில்லை. "இருபதுகளிலும் தொடர்கிறது" என்று எழுதலாம், அது நியாயம். அது கைமாறிக் கைமாறி, "இருபதுகளின் நடுவில் முடிகிறது" என்று ஆகி, ஒரு நாள் "25இல் முடிகிறது" என்று உருண்டு வந்து நிற்கிறது. தாள் முடிந்த இடத்தைக் கணக்கு முடிந்த இடம் என்று யாரோ எடுத்துக்கொண்ட மாதிரி.

ஜனவரி 12, மாலை

மகளிடம் இதைச் சொன்னேன். "அப்போ 25 இல்லையா? இன்னும் அதிகமா?" என்றாள். சந்தோஷமாகக் கேட்டாள்.

ஜனவரி 14

"மெலியத் தொடங்குகிறது" என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் பார்த்து ஒருவர் பதறியிருக்கிறார். 11 வயதிலேயே மூளை தேய்கிறதா என்று.

எனக்கும் முதலில் அந்தப் பதற்றம் இருந்தது. வளர்ச்சி என்றால் கூடுவது என்றுதானே நினைத்திருக்கிறோம். குழந்தையின் எடை கூடுகிறது, உயரம் கூடுகிறது, மூளையும் கூடவேண்டும். கூடவும் செய்கிறது: பிறக்கும்போது சுமார் 350 முதல் 400 கிராம், பெரியவர்களுக்கு 1,300 - 1,400 கிராம், ஆறு வயதிலேயே அதில் பத்தில் ஒன்பது பங்கு வந்துவிடுகிறது. எடையைப் பொறுத்தவரை ஒன்றாம் வகுப்போடு கதை பெரும்பாலும் முடிந்தது.

அப்புறம் நடப்பதுதான் விசேஷம். சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லாக்கர் என்று ஒரு குழந்தை நரம்பியல் மருத்துவர் இருந்தார். வெவ்வேறு வயதில் இறந்துபோனவர்களின் மூளையிலிருந்து துணுக்குகளை எடுத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சந்திப்புகளை (சினாப்ஸ் என்கிறார்கள்) ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணியிருக்கிறார்! 1979இல் வெளியான அவருடைய கணக்குப்படி, ஒன்றிரண்டு வயதுக் குழந்தையின் முன்மூளையில் சந்திப்புகளின் அடர்த்தி பெரியவர்களைவிட ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம். பதினாறு வயது வரை அது குறைந்துகொண்டே வந்து, பெரியவர்களின் அளவில் நிற்கிறது.

அதாவது குழந்தையின் மூளை தாராளமாக இணைப்பு போட்டு வைக்கிறது. எது பயன்படுகிறதோ அது தங்குகிறது, மீதி கழிகிறது. நெருக்கமாக விதைத்துவிட்டுப் பிறகு களைந்துவிடுகிற விவசாயம். என்னால் இதைவிட நல்ல உவமை சொல்ல முடியவில்லை.

ஜனவரி 14, பிறகு

மேலே உள்ள குறிப்பில் இரண்டு திருத்தம்.

ஒன்று: எம்ஆர்ஐயில் சாம்பல்நிறம் மெலிவதும் சந்திப்புகள் கழிவதும் ஒன்று என்ற தொனியில் எழுதிவிட்டேன். அப்படி நேராகச் சொல்ல முடியாது. சந்திப்புகள் மிகச் சிறியவை, எம்ஆர்ஐக்கு அவை தெரியாது. படத்தில் மெலிவது போலத் தெரிவதில் ஒரு பங்கு, நரம்பிழைகள் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படிவதால் வருவது. சாம்பல் என்று எண்ணப்பட்ட இடம் வெண்மைக் கணக்குக்கு மாறிவிடுகிறது. செலவு தலைப்பு மாறியதே தவிரப் பணம் குறையவில்லை.

இரண்டு: கழிவது இணைப்புகள், நரம்பணுக்கள் இல்லை. நரம்பணுக்கள் பெருமளவில் மடிவதும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிகிற வேறொரு கதை. 100 பில்லியன் நரம்பணுவோடு ஆரம்பித்து நாள்தோறும் இழந்துகொண்டே போகிறோம் என்று நான் பள்ளியில் படித்த பாடத்தை யாரும் இங்கே இழுத்து வர வேண்டாம்.

ஜனவரி 15

இழுத்து வந்துவிட்டார்கள். சரி. அந்த 100 பில்லியனும் நம்ம 25 மாதிரிதான். ஆளாளுக்கு எழுதினார்கள், யாரும் முறையாக எண்ணியிருக்கவில்லை. பிரேசிலைச் சேர்ந்த சூசானா ஹெர்குலானோ-ஹௌசல் மூளையைக் கரைத்தே எண்ணிவிட்டார். திசுவைக் கரைசலாக்கி, அதில் மிதக்கும் அணுக்கருக்களுக்கு நிறமேற்றி, மாதிரி எடுத்து எண்ணும் முறை. 2009இல் வந்த விடை சுமார் 86 பில்லியன். அந்தம்மா எனக்கு வேண்டிய ஆள். சாம்பாரில் எத்தனை பருப்பு என்றால் கடைந்துவிட்டு எண்ணுகிற துணிச்சல்.

ஜனவரி 19

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன்.

எனக்கு இடது கண் சோம்பேறிக் கண். கண்ணில் குறை இல்லை, மூளைதான் அந்தக் கண் அனுப்புவதைச் சரியாக வாங்கிக்கொள்ளப் பழகவில்லை. 11 வயதில்தான் வீட்டில் கண்டுபிடித்தார்கள். வலது கண்ணை மூடிக்கொண்டு விளையாடியபோது எதிரே இருந்த எழுத்துகள் கரைந்துபோனதைப் பார்த்து நானே சிரித்தேனாம். அழைத்துப்போன இடத்தில் மருத்துவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எட்டு வயதுக்குள் வந்திருக்க வேண்டும், இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்றார். கண்ணாடி மட்டும் கொடுத்தார். எட்டு வயதோடு ஒரு கதவு சாத்திக்கொண்டது, நான் மூன்று வருடம் தாமதம் என்று அன்றிலிருந்து நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் "கதவு" எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். டேவிட் ஹ்யூபல், டார்ஸ்டன் வீசல் என்று இருவர், 1960களில், பிறந்த பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி வளர்த்தார்கள். சில மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் கண் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்ல ஏறக்குறைய ஒரு நரம்பணுவும் இல்லை. திறந்திருந்த கண் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. வளர்ந்த பூனையின் கண்ணை அதே அளவு காலம் மூடினாலும் அப்படி ஆகவில்லை. ஆக, குறிப்பிட்ட ஒரு பருவத்தில்தான் இடப்பங்கீடு நடக்கிறது. 1981இல் நோபல் பரிசு.

பூனைக்குட்டிகளை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறவிக் கண்புரையோடு பிறக்கும் குழந்தைகளுக்குச் சில வாரங்களிலேயே அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்ற இன்றைய அவசரத்துக்கு வலுவான அடிப்படை அந்தக் குட்டிகள் கொடுத்தவைதான்.

ஜனவரி 20

பலர் நலம் விசாரித்திருக்கிறீர்கள். ஒன்றும் இல்லை, ஊசியில் நூல் கோர்க்கும்போது மட்டும் கோபம் வரும்.

ஜனவரி 23

கதவு என்பதை நான் வாபஸ் வாங்கவேண்டும் போலிருக்கிறது.

2005இல் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது. 7 முதல் 17 வயது வரை, சோம்பேறிக் கண் உள்ள 507 பேர். பாதிப் பேருக்குக் கண்ணாடி மட்டும். மீதிப் பேருக்குக் கண்ணாடியோடு நல்ல கண்ணை மறைக்கும் சிகிச்சையும், சின்னப் பிள்ளைகளுக்கு அத்துடன் கண் சொட்டு மருந்தும். 7 முதல் 12 வயதுக்காரர்களில் சிகிச்சை பெற்றவர்களில் 53 சதவீதம் பேருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு தேறியது, கண்ணாடி மட்டும் போட்டவர்களில் 25 சதவீதம். 13 வயதுக்கு மேல்கூட, அதுவரை சிகிச்சையே பெறாதவர்களில் 47 சதவீதத்துக்கு 20 சதவீதம் என்று வித்தியாசம் தெரிந்தது. முழுதாகச் சரியானவர்கள் குறைவு. ஆனாலும் தேறியது.

நான் 11. அதுவும் சிகிச்சையே பெறாத 11.

அந்த மருத்துவரைத் திட்டப்போவதில்லை. நான் போனது 1980களில். அன்று அவர் படித்த பாடம் அதுதான். ஆனால் "எட்டு" என்ற எண்ணை அவ்வளவு உறுதியாகச் சொன்னாரே, அதுதான் இன்னும் உறுத்துகிறது. இந்த இழை 25இல் தொடங்கியது, நான் என் எட்டில் வந்து நிற்கிறேன்.

ஜனவரி 24

இதன் தொடர்ச்சியாக ஒன்று. பவன் சின்ஹா என்ற எம்ஐடி பேராசிரியர் இந்தியாவில் நடத்தும் பிரகாஷ் திட்டம், பிறவியிலேயே கண்புரையால் பார்வையிழந்த பிள்ளைகளைத் தேடி அறுவை சிகிச்சை செய்ய வைக்கிறது. பழைய பாடப்படி பத்து வயதுப் பிள்ளைக்குப் பார்வை கொடுத்துப் பயனில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள். கூர்மை குறைவுதான், அது முழுதாக வருவதில்லை. முகம், பொருள், இடைவெளி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டன.

1688இல் வில்லியம் மோலினூ என்ற அயர்லாந்துக்காரர் தத்துவவாதி ஜான் லாக்கிடம் ஒரு கேள்வி கேட்டார்: பிறவியில் பார்வை இல்லாத ஒருவர் தொட்டுத் தொட்டு உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்திருக்கிறார், திடீரென்று பார்வை வந்தால் தொடாமலே எது எது என்று சொல்வாரா? சின்ஹா குழுவினர் 8 முதல் 17 வயதுள்ள ஐந்து பேரிடம் இதைச் சோதித்து 2011இல் எழுதினார்கள். கட்டு அவிழ்த்தவுடன் சொல்ல முடியவில்லை, குருட்டாம்போக்கில் சொல்வதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. சில நாள்களிலேயே சொல்ல முடிந்தது. 323 ஆண்டு காத்திருந்த கேள்விக்கு "இல்லை, ஆனால் அடுத்த வாரம் வாருங்கள்" என்று பதில்.

ஜனவரி 25

"அப்படியானால் பருவம், காலம் எல்லாம் பொய், எந்த வயதிலும் எதுவும் முடியும் என்கிறீர்களா" என்று ஒருவர். இல்லை, அந்தப் பக்கமும் சாயாதீர்கள்.

ருமேனியாவில் 1989இல் ஆட்சி கவிழ்ந்தபோது ஆயிரக்கணக்கான குழந்தைகள் காப்பகங்களில் இருந்தார்கள். பால் உண்டு, உடை உண்டு, தூக்கி வைத்துப் பேச ஆள் இல்லை. 2000இலிருந்து சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்ற மூவர் புக்கரெஸ்ட் நகரத்தில் அப்படிப்பட்ட 136 குழந்தைகளை எடுத்து, சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள். அதிலும் இரண்டு வயதுக்கு முன் போனவர்கள் பல விதங்களில் கூடுதலாகத் தேறினார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மீதிப் பாதி என்ன ஆனது என்றுதான் மனம் போயிற்று. அவர்களைக் காப்பகத்தில்தான் இருக்கவேண்டும் என்று ஆராய்ச்சியாளர்கள் கட்டாயப்படுத்தவில்லை, வேறு வழி கிடைத்தவர்கள் போனார்கள், அதெல்லாம் எழுதியிருக்கிறார்கள். இருந்தாலும்.

ஆகவே கதவு உண்டு. டமாரென்று சாத்துவதில்லை, மெல்ல ஒருக்களிக்கிறது. சில கதவு சீக்கிரம், சில கதவு தாமதமாக.

ஜனவரி 29

மொழி கற்கவும் இப்படி ஒரு கதவு உண்டா என்று கேட்டதற்கு.

என் அக்கா மகன் வேறு மொழி பேசுகிற நாட்டில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் பேசுவான், நன்றாகவே பேசுவான். ஆனால் "பழம்" என்று சொல்லச் சொன்னால் "பலம்" வரும், "பள்ளம்" என்றால் "பல்லம்". நான் நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டியெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் அவன் சொன்னது: "சித்தி, நீங்க ரெண்டையும் ஒரே மாதிரிதான் சொல்றீங்க." அப்போதுதான் உறைத்தது. பிரச்சினை நாக்கில் இல்லை, காதில்.

ஜேனட் வெர்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் காட்டியது இதுதான். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் 6 - 8 மாதத்தில் இந்தியில் உள்ள இரண்டு ஒலிகளை, நம் 'த'வும் 'ட'வும் போன்றவற்றை, பிரித்துக் கேட்டார்கள். அவர்களின் பெற்றோர்களுக்கே பிரித்துக் கேட்பது பெரும்பாடு. 10 - 12 மாதத்துக்குள் குழந்தைகளுக்கும் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. முதல் பிறந்தநாளுக்குள் காது தன் மொழியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. ஹட்டன்லாக்கரின் களையெடுப்பு போலவே இங்கேயும் இழப்பதுதான் கற்பது. எல்லா ஒலிக்கும் காது கொடுத்துக்கொண்டிருந்தால் ஒரு மொழியும் வேகமாக வராது.

பயல் இப்போது ழகரத்தை எனக்காகவே பயிற்சி செய்கிறான், தேறியும் வருகிறான். "வாழைப்பழம்" மட்டும் இன்னும் வழுக்குகிறது. அது இங்கேயே பிறந்த பலருக்கும் வழுக்குகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஜனவரி 29, இன்னொன்று

"அப்போ கைக்குழந்தைக்கு நான்கு மொழி வீடியோ போட்டுவிடலாமா?" வேண்டாம். பட்ரீஷியா குல் 2003இல் 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகள் சீன மொழி கேட்க வைத்தார். நேரில் ஒருவர் உட்கார்ந்து விளையாடிப் பேசியபோது ஒலிகளைக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆள், அதே பேச்சு, திரையில் வந்தபோது கற்கவில்லை.

மொசார்ட் இசை போட்டால் குழந்தை புத்திசாலி ஆகும் என்பவருக்கும் சேர்த்து: 1993இல் வந்த அந்த ஆய்வில் குழந்தையே கிடையாது. 36 கல்லூரி மாணவர்கள். பலன் நீடித்தது பத்துப் பதினைந்து நிமிடம். அதை வைத்து அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998இல் பிறந்த குழந்தைக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்கத் திட்டம் போட்டார். 25ஐ நம்பியதற்கு நாம் வெட்கப்படத் தேவையில்லை.

பிப்ரவரி 3

என்மேல் ஒரு குற்றச்சாட்டு வந்திருக்கிறது, மகளைக் கேலிக்கு எழுதுகிறேன் என்று. அவள் படித்துவிட்டுத்தான் அனுமதிக்கிறாள். அறை பற்றிய வரியை நீக்கச் சொன்னாள், நான் மறுத்துவிட்டேன்.

அவள் பக்கம் பேச எனக்கும் ஒன்று இருக்கிறது. மூன்று வருடமாகக் காலை ஆறு மணிக்கு அவளை எழுப்புவது இந்த வீட்டில் ஒரு போர். சோம்பேறி என்று சொல்லியிருக்கிறேன், அதைவிட மோசமாகவும் சொல்லியிருக்கிறேன். இரவு பதினொன்றுக்கு அவள் அறையில் விளக்கு எரிந்தால் போனைப் பிடுங்குவேன். போனைப் பிடுங்கிய பிறகும் விழித்தபடியே படுத்திருப்பாள். நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

பருவமடையும் காலத்தில் உடலின் கடிகாரமே பின்னால் நகர்கிறது, உறக்கத்துக்கு அறிகுறியான மெலடோனின் இரவில் தாமதமாகச் சுரக்கிறது என்று மேரி கார்ஸ்கேடன் போன்றவர்கள் 1990களிலேயே காட்டிவிட்டார்கள். நாள் முழுக்க விழித்திருந்தால் சேர்கிற தூக்க அழுத்தமும் அந்த வயதில் மெல்லத்தான் ஏறுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. போனுக்கும் இதில் பங்கு உண்டு, அதை விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் அவள் நடிக்கவில்லை.

போன வாரம் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி, அப்போ நாளைக்கு ஏழு மணிக்கு எழுப்பு" என்றாள். பள்ளி மணி மாறவில்லையே, எப்படி எழுப்புவது. ஆறரை என்று பேசி முடித்தோம்.

பிப்ரவரி 4

மனம் போன போக்கில் தலைப்பிலிருந்து விலகிவிட்டேன். கேட்டவர், "தவறு செய்தால் குறை சொல்லக் கூடாதா" என்று கேட்டிருந்தார். அதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்கும் 306 பேரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஆட வைத்தார்கள். மஞ்சள் விளக்கு விழுந்த பிறகும் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்று பார்ப்பது. 13 - 16 வயது ஒரு அணி, 18 - 22 ஒரு அணி, 24க்கு மேல் ஒரு அணி. நண்பர்கள் பக்கத்தில் நின்று பார்த்தபோது சின்னவர்கள் எடுத்த ஆபத்து தாறுமாறாக ஏறியது. 24க்கு மேற்பட்டவர்களுக்கு நண்பர்கள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். பிற்பாடு 2011இல் ஸ்கேனுக்குள் வைத்து இதே மாதிரி ஆடவிட்டபோது, தனியாக இருக்கும் பதின்வயதினர் பெரியவர்களைப் போலவே ஆடினார்கள். நண்பர்கள் பார்க்கிறார்கள் என்றபோதுதான் மூளையின் வெகுமதிப் பகுதி (மகிழ்ச்சி தருவதைத் தேடவைக்கும் பகுதி) துள்ளியது.

என்னைப் பொறுத்தவரை இது 25 கதையைவிட உபயோகமானது. என் மகள் தனியாக இருக்கும்போது என்னைவிட நிதானமாக முடிவெடுக்கிறாள், சொந்தப் பணத்தை என்னைவிட ஒழுங்காக எழுதி வைக்கிறாள். நான்கு தோழிகள் சேர்ந்தால்தான் இரண்டு பேர் போகும் வண்டியில் ஐந்து பேர். "மூளை வளரவில்லை" என்பது இரண்டையும் ஒரே பையில் போடுகிறது.

குறை சொல்லலாமா என்றால், சொல்லலாம். 2005இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 18 வயதுக்குக் கீழ் குற்றம் செய்தவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று தீர்ப்பளித்தது. பக்குவமின்மையும் சகாக்களின் அழுத்தமும் அதில் காரணங்களாகப் பேசப்பட்டன. அவர்களுக்குக் குற்றமே இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பழி குறைவு என்றது. வீட்டிலும் அதே அளவுகோல் போதும் என்று நினைக்கிறேன். ஐந்து பேர் வண்டிக்குத் திட்டு விழுந்தது. சாவி ஒரு மாதம் என்னிடம்.

பிப்ரவரி 9

இன்று ஒருவர் செய்தித்துணுக்கு ஒன்று அனுப்பினார்: "வளரிளம் பருவம் 32 வயது வரை, கேம்பிரிட்ஜ் கண்டுபிடிப்பு". மகள் பார்ப்பதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன்.

சென்ற நவம்பரில் வந்த ஆய்வு அது. குழந்தை முதல் 90 வயது வரை ஏறத்தாழ 4,000 பேரின் ஸ்கேன். மூளையின் இணைப்பு வலை எப்படி அமைந்திருக்கிறது என்று அளந்து, சுமார் 9, 32, 66, 83 வயதுகளில் போக்கு திரும்புகிறது என்றார்கள். 9 முதல் 32 வரை வலை ஒரே திசையில் போகிறது: இணைப்பின் திறன் மேலும் மேலும் கூடுகிறது. அந்தக் கட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர்தான் வளரிளம் பருவம். 31 வயதுக்காரர் பதினாறு வயதுப் பையன் மாதிரி நடப்பார் என்று பொருள் இல்லை.

2022இல் இன்னொரு மலை போன்ற வேலை. லட்சம் பேருக்கு மேல், 1,23,984 ஸ்கேன்கள், கரு முதல் நூறு வயது வரை. அதில் சாம்பல்நிறப் பகுதியின் மொத்த அளவு உச்சம் தொடுவது 5.9 வயதில். வெண்பகுதி (மயலின் உறை போட்ட நரம்பிழைகள் உள்ள இடம்) 28.7 வயதில். எதை அளக்கிறீர்களோ அதற்கு ஒரு வயது வரும். 6 வேண்டுமா, 29 வேண்டுமா, 32 வேண்டுமா, எல்லாம் கைவசம் இருக்கிறது. 25 மட்டும்தான் இல்லை.

பிப்ரவரி 9, இரவு

பார்த்துவிட்டாள்.

பிப்ரவரி 16

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அவர் பேச்சை எங்கே எடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. (ஒரு பதிலில் போகிறபோக்கில் எடுத்திருக்கிறேன்.) 74 வயது, ஒரு வருடமாகப் புல்லாங்குழல் கற்கிறார். "வளைகிற மூளையெல்லாம் சின்ன வயசோட போச்சு" என்று சொல்லிக்கொண்டேதான் கற்கிறார்.

ரமோன் இ கஹால், நரம்பணுக்களைத் தனித்தனியாக வரைந்து காட்டிய ஸ்பெயின் மேதை, 1913இல் அப்பா சொல்வதைத்தான் எழுதினார்: வளர்ந்த மூளையில் பாதைகள் இறுகிவிட்டன. அதை மாற்றுவது வருங்கால அறிவியலின் பொறுப்பு என்றும் கூடவே எழுதி வைத்தார், அதனால்தான் மேதை. லண்டனில் டாக்ஸி உரிமம் வாங்கச் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்யவேண்டும், மூன்று நான்கு வருடம் ஆகும். எலனார் மக்வயர் அதற்குப் படித்த 79 பேரைத் தொடர்ந்து பார்த்து 2011இல் எழுதினார். தேறிய 39 பேருக்கு, நினைவுக்கும் வழி அறிவதற்கும் உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் பின்பக்கத்தில் சாம்பல்நிறம் கூடியிருந்தது. தேறாதவர்களுக்குக் கூடவில்லை. எல்லோரும் வளர்ந்த பெரியவர்கள்.

வயதான பிறகு புது நரம்பணு பிறக்கிறதா என்பது வேறு, அதில் 2018இல் ஒரே மாத இடைவெளியில் "பிறக்கிறது", "பிறக்கவில்லை" என்று இரண்டு பெரிய கட்டுரைகள் வந்து முட்டிக்கொண்டன. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. தெருக்களைப் பற்றி மட்டும் சொன்னேன். "அவங்களுக்குப் பரீட்சை இருக்கு, எனக்கு இல்லையே" என்றார். மறுநாள் ஆசிரியரிடம் பரீட்சை வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

பிப்ரவரி 22

கண் மருத்துவரிடம் போய்வந்தேன், வேறு ஒருவரிடம், வேறு காரணத்துக்காக. சோம்பேறிக் கண் பேச்சை நானே எடுத்தேன். இந்த வயதில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், பெரியவர்களுக்கு இன்னும் நிலைத்த சிகிச்சை இல்லை என்றார். கதவு சாத்தியாயிற்று என்று மட்டும் அவர் சொல்லவில்லை. இடது கண்ணால் ஒரு வரி படிக்கச் சொன்னார். மூன்று எழுத்து சரி, இரண்டு ஊகம்.

மார்ச் 1

திருத்தம்: ஜனவரி 12 குறிப்பில், 2004 ஆய்வின் 13 பேரையும் 21 வயது வரை தொடர்ந்து படமெடுத்தது போல ஒரு வாசகர் புரிந்துகொண்டிருக்கிறார், என் வாக்கியத்தின் கோளாறு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாக எட்டுப் பத்து வருடம் எடுத்தார்கள். வெவ்வேறு வயதில் சேர்ந்தவர்களின் படங்களைக் கோர்த்ததில்தான் 4 முதல் 21 வரை கிடைத்தது. கண்டுபிடித்துச் சொன்னது வாசகர் இல்லை, மகள். அறை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.